நுகத்தடியில் ஒரு குதிரை

ஆறு வருஷமாக எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கிதார் கிடந்தது. அண்ணனுடையது. அண்ணி அதைப் பழைய வேட்டியில் சுற்றி, மேலே ஒரு யூரியா சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார். போன மார்கழியில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அதை இறக்கினேன்.

"அத்த எதுக்குடா எறக்குன? மேலயே வச்சிடு" என்றார் அண்ணன். திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் வைக்கவில்லை. சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். காரில் போகிறவர்களுக்கு நல்ல காட்சி. அந்தக் காற்று எங்கள் வீட்டு இரும்பு எதையும் விட்டு வைக்காது. மண்வெட்டி, ஜன்னல் கம்பி, மோட்டார் ஷெட்டுத் தகரம் எல்லாம் பொறைபொறையாக உதிரும். கிதாரில் கம்பி மாட்டுகிற தகரப் பட்டை பாதி தின்னப்பட்டிருந்தது. குதிரையைத் தூக்கி இறக்குகிற இரண்டு திருகும் துருவில் இறுகிவிட்டன. குதிரையின் ஒரு கால் பிளந்திருந்தது. உடம்பு மட்டும் தப்பித்திருந்தது. தட்டிப் பார்த்தேன், சத்தம் வந்தது.

கிதார் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடையில் பார்க்கிற சாதாரண கிதாரில் குதிரையை மேல்பலகையில் கோந்து போட்டு ஒட்டியிருப்பார்கள். கம்பிகளும் அதிலேயே முடியும். அண்ணனுடையது ஆர்ச்டாப். வயலின் மாதிரி மேல்பலகை குவிந்திருக்கும், இரண்டு பக்கமும் எஃப் எழுத்துப் போல ஓட்டை. இதில் குதிரையை ஒட்டவே மாட்டார்கள். கம்பிகள் கீழ்க்கோடியில் ஒரு பட்டையில் மாட்டியிருக்கும், நடுவில் குதிரை மேல் ஏறி இறங்கிப் போகும். அந்த அழுத்தத்தில்தான் குதிரை நிற்கிறது. கம்பியைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும்.

ஆர்வில் கிப்சன் என்கிற அமெரிக்கர் வயலின் செய்வதைப் பார்த்து, மேல்பலகையைக் குடைந்து மேண்டலின் செய்து 1898-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு கிப்சன் கம்பெனி 1922-ல் எல்-5 என்ற கிதாரை எஃப் ஓட்டைகளோடு கொண்டுவந்தது. மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இல்லாத காலத்தில் பேண்டுச் சத்தத்துக்கு நடுவே கிதார் கேட்க வேண்டுமே, அதற்கு. அந்த உருவத்தையே பிளைவுட்டை அழுத்தி வளைத்து கொல்கத்தாவில் மலிவாகச் செய்தார்கள். ஒரு காலத்தில் நம் மெல்லிசைக் குழுக்களில் பாதிப் பேர் கையில் இந்த ஜாதிக் கிதார்தான் இருந்தது. சர்ச்சுகளிலும் பார்த்திருக்கலாம். அண்ணனுடையதும் கொல்கத்தா சரக்குதான், லேபிள் பாதி கிழிந்துவிட்டது. திருப்போரூர், தையூர், கோவளம் என்று ஆடி மாதம் முழுக்க அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். விடியற்காலை வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஏர் பூட்டுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நவரைப் பட்டத்தில், கரண்ட் இல்லாத ஒரு நாள், ஆயில் இன்ஜின் பெல்ட்டில் அவர் இடது கை மாட்டியது. மோதிர விரலும் சுண்டு விரலும் பிழைத்தன, ஆனால் மடங்காது. கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். பெல்ட்டுக்கு மேலே ஒரு தகர மூடி உண்டு. முதல் நாள் கிரீஸ் வைக்க அதைக் கழற்றினது நான். திரும்ப மாட்டவில்லை. அண்ணன் இது பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும். இந்தப் பதிவை அவர் மகள்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவாள், அதனால் இதோடு விடுகிறேன்.

விரல் மடங்காவிட்டால் கிதாரில் கார்டு பிடிக்க முடியாது. முடியும் என்று ஜாங்கோ ரைன்ஹார்ட் காட்டினார். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, அண்ணனுக்குப் போன அதே இரண்டு விரல்கள் போயின. மீதி இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஐரோப்பாவே திரும்பிப் பார்க்க வாசித்தார். இதை நான் அண்ணனிடம் வீடியோ போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். "அவுருக்கு அப்போ இன்னா வயசு?" என்றார். பதினெட்டு என்றேன். "எனக்கு அம்பத்திநாலு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுவாத்தியம். இப்போது சித்திரவீணை என்கிறார்கள். மெட்டே கிடையாது. இடது கையில் ஒரு கட்டையைப் பிடித்துக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைப் பிரபலமாக்கியவர், செம்மங்குடிக்கே குரு. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் இங்கே பக்கத்தில் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்தவர். இந்த வாத்தியத்துக்கு விரல் மடங்கத் தேவையில்லை. கட்டையைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கிதாரையும் அப்படி மாற்றியிருக்கிறார்கள். ஜோத்பூர் பிரிஜ் பூஷண் காப்ரா ஒரு ஆர்ச்டாப் கிதாரை எடுத்து, கம்பிகளை உயர்த்தி, மடியில் கிடத்தி இந்துஸ்தானி வாசித்தார். 1967-ல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' ரெக்கார்டில் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவே கேட்பது அந்தக் கிதார்தான். ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட் இன்னும் ஒரு படி போய், ஆர்ச்டாப்பில் அனுசுரக் கம்பிகளையும் சேர்த்து மோகன் வீணை என்று பேர் வைத்தார். ரை கூடரோடு சேர்ந்து அதில் வாசித்த ரெக்கார்டுக்கு 1994-ல் கிராமி கிடைத்தது. ஆக, கொல்கத்தாக் கிதாரை மடியில் கிடத்துவது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். "மடியில போட்டு வாசிக்கிறது கிதார் இல்லடா" என்றார். இரண்டு நாள் கழித்து மாட்டுக் கொட்டகையில் அவரே வந்து, "எத்தையும் வெட்டக் கூடாது. பழைய நட்டு, பழைய குதிரை, எல்லாம் எடுத்து வைக்கணும். திரும்ப மாட்டுற மாதிரி இருக்கணும்" என்றார். விரல் திரும்ப வரும் என்று அவர் இன்னும் நினைக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் வராது என்று சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஆசாரியார் வீடு எங்கள் தெருக் கோடியில். எழுபது தாண்டியவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்யத் தெரிந்த கடைசி ஆள். குடம், ஆரக்கால், வட்டை என்று பாகம் பாகமாக மரத்தைத் தேர்ந்து, வட்டமாகக் கூட்டி, மேலே இரும்புப் பட்டா ஏற்றுவார். இப்போது யாரும் சக்கரம் கேட்பதில்லை. அப்பார்ட்மென்ட்டில் மாட்டக் கதவு கேட்கிறார்கள், அதுவும் ரெடிமேடாக வந்துவிடுகிறது. ரெஸ்டாரன்ட் வாசலில் அலங்காரத்துக்குச் சாய்த்து வைக்க ஒருவர் பழைய சக்கரம் கேட்டு வந்தார். ஆசாரியார் தரவில்லை.

கிதாரைக் கையில் வாங்கி, வண்டி அச்சைப் பார்ப்பது மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்து வழியாகப் பார்த்தார். "கழுத்து நேரா கீது. ஈட்டி இருந்தா அம்சமா பண்ணிடலாம் நைனா." ஈட்டி எங்கே கிடைக்கும்? நம் பட்டா நிலத்திலேயே நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாதென்று தமிழ்நாட்டில் 1994-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. அது நல்லதுதான். வர்தா புயலில் விழுந்த எங்கள் பலா மரத்தின் பலகை ஒன்று இருந்தது, 2016-லிருந்து கிடக்கிறது. வீணை செய்கிற மரமாயிற்றே என்று ஆசையோடு எடுத்துப் போனேன். ஆசாரியார் நகத்தால் கீறினார். மாவாகக் கொட்டியது. உளுத்துப்போயிருந்தது.

"உங்க ஊட்டுல பழைய சாமான் இன்னா கீது, அத்த சொல்லு" என்றார்.

அப்போதுதான் விறகுக் கொட்டகையைக் கிளறினோம். மூன்று பொருள் அகப்பட்டது. தாத்தா காலத்துக் கலப்பையின் மேழி, அதாவது உழுகிறவர் கையில் பிடிக்கிற பிடி, கருவேல மரம். ஒரு நுகத்தடி, மாடுகளின் கழுத்தில் வைப்பது, நுணா மரம். அப்புறம் பாட்டியின் உலக்கை, முனை உடைந்தது, கருங்காலி. டிராக்டரும் ரைஸ் மில்லும் வந்தபிறகு இவை வெறும் விறகு. எரிக்காமல் விட்டதற்குக் காரணம் பாசம் எல்லாம் இல்லை, வெட்டக் கஷ்டமாக இருந்ததுதான். ஆனால் ஆசாரியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது, ஐம்பது வருஷம் காய்ந்த மரம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. இனிமேல் சுருங்காது, முறுக்காது.

முதலில் கம்பி மாட்டும் பட்டை. வீணைக்காரர்கள் இதை நாகபாசம் என்பார்கள். மேழியிலிருந்து ஐந்தங்குலத் துண்டு அறுத்து, இழைத்து, ஆறு துளை போட்டார். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும், துளை ஓரம் பிளந்தால் கண்ணில் தெறிக்கும். கருவேலம் பிளக்காது என்று எனக்கு நம்பிக்கை இருந்தது, காளை இழுத்துப் பார்த்த மரம் அது. இதைக் கிதாரின் அடி முளையில் கட்ட வயலினில் நரம்பு போடுவார்கள். நாங்கள் சைக்கிள் பிரேக் ஒயர் போட்டோம், துருப்பிடிக்காத ரகம், கேளம்பாக்கம் சைக்கிள் கடையில் வாங்கியது. இந்த வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது.

நட்டும் சுலபம். கழுத்து உச்சியில் பழைய நட்டை அப்படியே விட்டு, அதன் மேல் தொப்பி மாதிரி கவிழ்கிற ஒரு கருங்காலித் துண்டு. கம்பிகள் மெட்டிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக எழும்பி நிற்கும். கட்டை வழுக்கும்போது மெட்டில் இடிக்காது. கம்பியைத் தளர்த்தினால் தொப்பி கழன்றுவிடும். அண்ணன் போட்ட நிபந்தனைக்குப் பங்கமில்லை.

உலக்கையின் மீதியில் வழுக்குகிற கட்டை. மூன்றரை அங்குல நீளம், ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த கனம். கோட்டுவாத்தியத்துக்குப் பழைய வித்வான்கள் கருங்காலிக் கட்டைதான் வைத்திருந்தார்கள், நாங்கள் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. (கருங்காலி மாலை வேண்டும் என்று எனக்கு எழுதிக் கேட்கிற நண்பர்களே, இந்த உலக்கையில் மணி உருட்டித் தர முடியாது. கடையில் விற்கிறதில் பாதி சாயம் போட்ட கட்டை என்று ஆசாரியார் சொல்கிறார்.) உப்புத்தாளில் நாலு தரம் தேய்த்து, கடைசியாக வெறும் துணியில் தேய்த்தோம். கண்ணாடி போல ஆனது.

குதிரைதான் எங்களைப் பழிவாங்கியது.

கம்பி உயர்ந்தால் குதிரையும் உயர வேண்டும். குதிரை உயர்ந்தால் கம்பி அதன் மேல் இன்னும் செங்குத்தாக மடங்கும், பலகையை இன்னும் அழுத்தும். பத்துப் பதினைந்து கிலோ மூட்டையை அந்த மெல்லிய பிளைவுட் மேல் எப்போதும் ஏற்றி வைத்த கணக்கு. அதோடு குதிரையின் இரண்டு காலும் பலகையின் வளைவோடு இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். நடுவில் காற்றுப் போனால் சத்தமும் அங்கேயே போய்விடும்.

முதல் குதிரையைப் புளிய மரத்தில் செய்தோம். கசாப்புக் கடைக் கட்டைக்குப் போகிற மரம், தேயாது என்று நான்தான் அடம்பிடித்தேன். ஆசாரியார் முகத்தைச் சுளித்தார், ஆனால் செய்து கொடுத்தார். மாட்டி மீட்டினால் கிதார் தொண்டை கட்டினவன் மாதிரி பேசியது. எடை அதிகம். கம்பியின் அதிர்வு பலகைக்குப் போகாமல் அந்தக் கட்டையிலேயே செத்தது. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாரம் நான் அவர் கண்ணில் படாமல் இருந்தேன்.

"மாட்டுக் கழுத்துல எவனாச்சும் புளிய மரத்த வைப்பானா?" என்று ஆசாரியார் கேட்டார். "நுணாவ வப்பான். இன்னாத்துக்கு? கனம் இல்ல, ஆனா தாங்கும். குதிரையும் அப்பிடித்தான் நைனா."

இரண்டாவதை நுகத்தடியில் வெட்டினார். நுணா உள்ளே மஞ்சளாக இருக்கும். இழைக்கும்போது கொட்டகையெல்லாம் மஞ்சள் தூள். இரண்டு கால், நடுவில் வளைவு, எங்கெல்லாம் மரம் தேவையில்லையோ அங்கெல்லாம் குடைந்து எடுத்தார். கம்பி தொடுகிற மேல் விளிம்பில் மட்டும் கருங்காலிச் சில்லு ஒன்று பதித்தார், இல்லாவிட்டால் கம்பி நுணாவை அறுத்துவிடும்.

காலை வளைவுக்குப் பொருத்துவதற்கு, உப்புத்தாளைப் பலகை மேல் சொரசொரப்பு மேலே தெரிய விரித்து, அதன் மேல் குதிரையைத் தேய்ப்பது கிதார்காரர்கள் வழக்கம். நாங்களும் அதில் தொடங்கினோம். ஆனால் ஆசாரியாருக்குத் திருப்தி வரவில்லை. பலகையில் சாக்பீஸைப் பூசி, குதிரையை வைத்து எடுத்தார். காலில் வெள்ளை ஒட்டின இடம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி வைத்து எடுத்தார். கண் சரியாகத் தெரியாது அவருக்கு, புரை விழுந்திருக்கிறது. கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் சுரண்டினார். இரண்டு முழு நாள். கடைசியில் கால் அடி முழுக்க ஒரே சீராக வெள்ளை ஒட்டியது. ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரைக்கும் அவ்வளவு. நூல் பிடித்து அளந்து வைத்தோம்.

கம்பியை வழக்கமான சுருதியில் ஏற்றவில்லை. டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. எல்லாக் கம்பியையும் சும்மா மீட்டினாலே ஒரு கார்டு வரும், கட்டையை நேராக வைத்தால் எந்த மெட்டிலும் அதே கார்டு. நாலு கம்பி தளர்கிறதால் பலகைக்கும் பாரம் குறையும்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், அறுவடை முடிந்து நெல்லை ஏற்றி அனுப்பிய பிறகு, அண்ணன் தானாகவே கையை நீட்டி வாங்கினார். மடியில் கிடத்தினார். கட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி, நடு விரலுக்கும் இடையில் பிடித்தார். முதலில் வந்தது நாராசம். கட்டை நகரும்போது அதற்குப் பின்னால் இருக்கிற கம்பியும் சேர்ந்து அதிர்ந்து ஒரு பேய்ச் சத்தம் கொடுக்கும். அதை அடக்கத்தான் ஸ்லைடு வாசிக்கிறவர்கள் மீதி விரல்களைக் கட்டைக்குப் பின்னால் கம்பி மேல் லேசாகப் படுக்க வைத்து இழுத்துக்கொண்டே போவார்கள். எனக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அண்ணனுக்கும் தெரியாது. அவருடைய மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருந்தபடியே கம்பியில் தானாகப் படிந்தன. பேய்ச் சத்தம் நின்றது. அண்ணன் நிமிர்ந்து கையைப் பார்த்தார். திரும்ப ஒரு தரம் இழுத்தார். அண்ணி அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார்.

கச்சேரி ரேஞ்சுக்கு எல்லாம் வந்துவிடவில்லை. சுருதி நூலளவு தவறும், ஒவ்வொரு நாள் ரொம்பவே தவறும். மெட்டு மேல் கண்ணை வைத்துக் கணக்காக நிறுத்தப் பார்க்கிறார், மெட்டே இல்லாத வாத்தியம் வாசிக்கிறவர்கள் காதால் நிறுத்துவார்கள். பழைய சினிமாப் பாட்டில் கமகம் வருகிற இடங்கள் முன்பு கிதாரில் அவருக்கு வராது, இப்போது அதுதான் சுலபமாக வருகிறது. வேகமான பாட்டு ஒன்றும் வருவதில்லை. அது வராதபோது கட்டையைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். பழைய நட்டு எடுக்கப்படாமல் தொப்பிக்கு அடியில் இருக்கிறது. பழைய குதிரையும் துருப்பிடித்த பட்டையும் பிஸ்கட் டப்பாவில், அவர் அலமாரியில்.

ஆசாரியார் கூலி வாங்கவில்லை. உடைந்த நுகத்தடியின் மீதித் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தீபாவளி கழியட்டும் என்கிறார்.

ஐப்பசி மழை பிடித்ததும் பலகை ஈரம் குடித்துக் கொஞ்சம் உப்பியது. சுருதி தினமும் மாறியது. போன வாரம் அண்ணன் புதுக் கம்பி மாட்ட உட்கார்ந்தார். ஆர்ச்டாப்பில் ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குதிரை விழுந்துவிடும். முப்பது வருஷம் வாசித்தவருக்கு இது தெரியாததில்லை. நான் நாற்றங்காலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"டேய், குதிரை வுழுந்துடுச்சி. வந்து நீ வை."

கை கால் கழுவிக்கொண்டு, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.